அரசு தரப்பு முதல் சாட்சி

அழகுராஜாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது பாண்டிமீனாவின் வேலைதான்.

சட்டக் கல்லூரியின் கடைசி வருடத்தில் மாதிரி விசாரணை என்று ஒரு பாடம். கற்பனையாக ஒரு வழக்குக் கட்டைக் கையில் கொடுத்து, ஆளுக்கொரு வேஷத்தைப் பிரித்துக் கொடுத்து, நிஜக் கோர்ட்டு மாதிரியே நடத்தச் சொல்வார்கள். மதிப்பெண் உண்டு. அந்த வருடத்துக்கான வேஷங்களை சீதாலட்சுமி மேடம் வாசித்தபோது, அரசு வக்கீல் பாண்டிமீனா, அவளுக்கு உதவி வக்கீல் அழகுராஜா என்றுதான் இருந்தது. மேடம் அடுத்த பெயருக்குப் போவதற்குள் பாண்டிமீனா எழுந்துவிட்டாள்.

"மேடம், ஜூனியரா கனகா இருக்கட்டும். அழகுராஜாவைச் சாட்சியாப் போட்டுருங்க. டீக்கடை வேலையாளுக்கு அவன்தான் பொருத்தமா இருப்பான்."

வகுப்பு சிரித்தது. மேடம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "உன் தரப்பு, உன் பொறுப்பு" என்று சொல்லி மாற்றி எழுதிக்கொண்டார். அழகுராஜா சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

இரண்டு பேருக்கும் வீடு விளாங்குடியில். முதல் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே பஸ்ஸில் போனவர்கள். அவன் எடுத்த குறிப்புகளை அவள் படித்தாள், அவள் வாங்கிய புத்தகத்தை அவன் படித்தான். நாலாம் வருடத்தில் ஒரு வாதப் போட்டியில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். அவள் மேற்கோள் காட்டிய தீர்ப்பு பிற்பாடு ரத்தாகிப் போனது என்று நடுவர் முன்னால் அவன் எடுத்துச் சொன்னான். விஷயம் உண்மைதான். ஆனால் முந்தைய நாள் சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், அப்போதே அது தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. அவள் ஒரு பஸ் முன்னாடி வர ஆரம்பித்தாள்.

இந்த வருடத்து வழக்கு, சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடை வாசலில் நடந்த தகராறு. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மூட்டைக் கொக்கியால் கடைக் கணக்குப்பிள்ளையின் தோளில் குத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு; அந்தத் தொழிலாளிதான் வழக்கில் எதிரி. அதை நேரில் பார்த்தவன் எதிர்த்த டீக்கடை வேலையாள். அவன்தான் அரசு தரப்பு முதல் சாட்சி. அவன் சொல்வதை வைத்துத்தான் வழக்கே நின்றது.

ஒத்திகையில் பாண்டிமீனா அவனைப் போட்டு வாட்டினாள். மூச்சு விட விடவில்லை.

"கொக்கியை எந்தக் கையில வச்சிருந்தாருன்னு கேட்டா, 'வலது கரத்தில்'னு சொல்லுற. டீக்கடையில எவன்டா கரம்னு பேசுறான்? சாட்சிக்கு இம்புட்டு அறிவு ஆகாது. உங்க வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசு, அது போதும்."

கனகாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழகுராஜா அதே வாக்கியத்தை டீக்கடைக் குரலில் திருப்பிச் சொன்னான். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னான். கடைசி ஒத்திகையில் ஒரு பிசிறு இல்லை. போலீஸ் வாக்குமூலத்தில் எழுதியிருந்தபடி அச்சு மாறாமல் ஒப்பித்தான். இப்படி அடங்கிப் போகிறவன் இல்லையே இவன் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அதை அவள் நின்று யோசிக்கவில்லை.

விசாரணை நாளன்று நீதிபதி நாற்காலியில் உட்கார வந்தவர் வெங்கடசுப்பிரமணியன், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. வந்ததுமே ஃபேன் சத்தம் போடுகிறது என்று கடிந்துகொண்டார். கல்லூரிப் பிள்ளைகள் என்று தயவு காட்டுகிற ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் அப்போதே விளங்கிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலாக ஹம்சவேணி உட்கார்ந்திருந்தாள். அதுவரை போனில் தன் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தவள், தன் வாதத்தைப் படம் பிடிக்கச் சொல்லி போனை ஜூனியர் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். ஹால் நிறைந்திருந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் திண்டில்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

அழகுராஜா லுங்கியும் கசங்கிய சட்டையுமாகக் கூண்டில் ஏறினான். பெயர், வேலை, கடை இருக்கும் இடம் எல்லாம் சரியாகச் சொன்னான். பாண்டிமீனா நிதானமாக அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"அன்னைக்குக் கடை வாசல்ல என்ன நடந்துச்சு, கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க."

அவளுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. "கேள்வி புரியுதா? நீங்க என்ன பாத்தீங்க?"

"நான் ஒண்ணும் பாக்கலங்கய்யா." அவன் நீதிபதியைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டான். "உள்ள கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு வெளிய வாரேன், கூட்டம் நிக்கிது. அம்புட்டுத்தான்."

ஹாலில் சலசலப்பு ஓடியது. ஹம்சவேணி தன் கட்டை வேகமாகப் புரட்டினாள். இது அவளுக்கும் புதுசு என்று முகத்திலேயே தெரிந்தது. சீதாலட்சுமி மேடம் முன் வரிசையில் விறைத்து உட்கார்ந்தார். பாண்டிமீனா அழகுராஜாவின் கண்ணைப் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை.

வேணுமென்றுதான் செய்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனை ஒத்திகையும் இதற்குத்தான்.

கனகா பின்னாலிருந்து, "பிறழ் சாட்சி... பெர்மிஷன் கேளு" என்று முணுமுணுத்தாள். தன் தரப்புச் சாட்சியே மாற்றிச் சொன்னால், கோர்ட்டின் அனுமதியோடு அவனை எதிரியின் சாட்சியைப் போலக் குறுக்கு விசாரணை செய்யலாம். பாண்டிமீனாவின் வாயில் பழைய சட்டத்தின் பிரிவு எண்தான் வந்தது. நீதிபதி, "அது போயிருச்சும்மா. புதுச் சட்டத்துல என்ன?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் திருத்திச் சொன்னாள். அனுமதி கிடைத்தது.

பிறகு அவள் நன்றாகத்தான் செய்தாள். போலீஸ் வாக்குமூலத்தை எடுத்து வரி வரியாக வாசித்தாள். வாசலில் நின்று பார்த்ததாகச் சொன்னீர்களா? சொல்லலங்க. வலது கையில் கொக்கி இருந்ததாகச் சொன்னீர்களா? அவங்களா எழுதிக்கிட்டாங்க. ஒவ்வொரு மறுப்பையும் கோர்ட்டில் குறிக்க வைத்தாள். அதோடு நிறுத்தி உட்கார்ந்திருக்க வேண்டும். மிச்சத்தை அடுத்து வரும் புலன் விசாரணை அதிகாரியை வைத்து நிரூபித்துக்கொள்ளலாம். மேடம் வருடம் முழுக்கச் சொன்னது இதைத்தான். ஏன் மாற்றிச் சொன்னாய் என்று சாட்சியிடமே கேட்காதே, பதில் தெரியாத கேள்வியை வாயிலேயே வைத்துக்கொள்.

ஆனால் அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போய் உட்கார அவளால் முடியவில்லை.

"எதிரிகிட்ட எம்புட்டு வாங்குனீங்க?"

"வாங்கலங்க."

"காசு வாங்கிட்டு கோர்ட்ல மாத்திச் சொல்லுறது உங்க குடும்பத்துக்குப் புதுசு இல்லையே? உங்க அண்ணன் மலையாண்டியும் இப்படித்தானே மாத்திச் சொன்னாரு?"

அழகுராஜாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

ஹம்சவேணி எழுந்து, "ஆட்சேபிக்கிறேன், கட்டுல இல்லாத விஷயம்" என்றாள். நீதிபதி தாள்களைப் புரட்டிவிட்டு, "மலையாண்டி யாரும்மா? அப்படி ஒரு சாட்சியே இல்லையே?" என்றார். ஆனால் விளாங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தெரிந்திருந்தது. ஹாலில் அந்தப் பக்கம் மட்டும் சட்டென்று அமைதியானது.

மூன்றாம் வருடம், மழைக்கு ஒதுங்கிய ஒரு பஸ் ஸ்டாப்பில் அவன் அவளிடம் சொன்ன விஷயம் அது. எங்க அண்ணன் ஒரு வெட்டுக் கேஸ்ல சாட்சி, கோர்ட்ல மாத்திச் சொல்லிட்டான், யார்கிட்டயும் சொல்லிறாத என்று மட்டும் சொன்னான். ஏன் மாற்றினான் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தெருவே காசு வாங்கிவிட்டான் என்றுதான் பேசியது. அவளும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பதில் சொல்லுறேங்கய்யா" என்றான் அழகுராஜா. டீக்கடைக் குரல் போய்விட்டது.

"தேவையில்ல. கேள்வியை நான் அனுமதிக்கல" என்றார் நீதிபதி.

"அவ கேட்டுட்டாய்யா. எல்லாருக்கும் கேட்டுருச்சு." அவன் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "என் அண்ணன் சிம்மக்கல்ல ஆட்டோ ஓட்டுறான். ஸ்டாண்டுல வச்சு ஒரு பையனை வெட்டுனாய்ங்க. அவன் பாத்தான், ஸ்டேஷன்ல சொன்னான். கோர்ட்டுக்குப் போறதுக்கு மொத நாள் வீட்டுக்கு ஆளுக வந்தாய்ங்க. சத்தம் போடல. கையை ஓங்கல. தண்ணி வாங்கிக் குடிச்சாய்ங்க. அண்ணன் மகளைப் பக்கத்துல கூப்பிட்டு, பாப்பா எந்த ஸ்கூலு, எந்த வண்டியில போறேன்னு கேட்டாய்ங்க. எந்திரிச்சுப் போயிட்டாய்ங்க. அதுல ஒருத்தன் இன்னைக்கும் ஸ்டாண்டுக்கு எதுக்க பழக்கடை வச்சிருக்கான், போய்ப் பாரு."

நீதிபதி மேசையைத் தட்டினார். அவன் காதில் வாங்கவில்லை.

"மறுநாள் கோர்ட்ல அரசு வக்கீலம்மா என் அண்ணன்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? எம்புட்டு வாங்குனேன்னு கேட்டாங்க. உன்ன மாதிரியேதான். வீட்டுக்கு யாரு வந்தான்னு அந்தக் கோர்ட்ல ஒருத்தர் கேக்கலடி."

பாண்டிமீனாவின் காது இரண்டும் சூடேறிப் போயின. ஆனாலும் அவள் கையில் கட்டு இருந்தது, அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இப்போதும் ஜெயித்துவிடலாம் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அவன் கையாலேயே எடுத்துக் கொடுத்த கேள்விதானே.

"சரி. இந்த வழக்குல உங்களைப் பாக்க வீட்டுக்கு யாரு வந்தா?"

அழகுராஜா கூண்டுக் கட்டையிலிருந்து கையை எடுத்தான். பிறகு தோளைத் தளர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு, மறுபடி அந்த டீக்கடை ஆளாக ஆனான்.

"யாரும் வரலங்க."

பின்வரிசையில் வெடித்த சிரிப்பு முன்வரிசை வரைக்கும் வந்தது. பாண்டிமீனா உட்கார்ந்தாள்.

சாயங்காலம் தீர்ப்பு. எதிரி விடுதலை. ஹம்சவேணிக்கு முதல் மதிப்பெண். நீதிபதி பாண்டிமீனாவைப் பார்த்து, "நல்லா ஆரம்பிச்சே. கோபம் வந்ததும் வழக்கை மறந்துட்டே" என்றார், அவ்வளவுதான். மேடம்தான் விட்டு வைக்கவில்லை. இரண்டு பேரையும் தன் அறையில் நிற்க வைத்து, அழகுராஜாவுக்கு அந்தப் பாடத்தில் மதிப்பெண்ணே இல்லை என்றும், அடுத்த முறை கீழ் வகுப்போடு சேர்ந்து திரும்பச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். பாண்டிமீனாவுக்குப் பாஸ் மட்டும். "உனக்கும் சைபர் போட்டிருப்பேன். நீ கேட்டது தப்புக் கேள்வி. அவன் செஞ்சது நம்பிக்கைத் துரோகம். அதனால பொழச்சே."

வெளியே வந்ததும் பாண்டிமீனா, "இப்ப திருப்தியாடா?" என்றாள்.

"உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். அடுத்த வாரம் கல்லூரி வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இறங்கி, வெளியே வரும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகுராஜாவின் ஜாடை அப்படியே இருந்தது, உடம்பு மட்டும் கொஞ்சம் பருமன்.

"நீதான பாண்டிமீனா? நான் மலையாண்டி."

"அண்ணே..."

"அண்ணேன்னு கூப்பிடாத." குரல் உயரவில்லை. "வீடியோ பாத்தேன்."

"என்ன வீடியோ?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். ஹம்சவேணியின் வாதத்தைப் படம் பிடிக்க அந்த ஜூனியர் பெண் போனைக் கையில் வைத்திருந்தாள் அல்லவா, எல்லாம் அதில் பதிந்திருந்தது. வகுப்புக் குழுவுக்குப் போய், அங்கிருந்து வேறு வேறு குழுக்களுக்குப் போய், ஸ்டாண்டில் இருந்த ஒரு டிரைவரின் போனுக்கு வந்து சேர்ந்திருந்தது. அழகுராஜா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு பழக்கடையைச் சொல்கிற இடம் தெளிவாகக் கேட்டது.

"ஊருக்குள்ள என்னைய காசு வாங்குனவன்னு பேசுறாய்ங்க. அஞ்சாறு வருசமா பேசுறாய்ங்க. வெட்டுப்பட்ட பையனோட அம்மா நான் தெருவுல போனா காறித் துப்புவா. தொடச்சுக்கிட்டுப் போயிருவேன். ஏன் தெரியுமா? காசு வாங்குனவன் வாயைத் திறக்க மாட்டான்னு அவய்ங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கெட்ட பேருதான் எங்க வீட்டுக்குக் காவலா இருந்துச்சு. இப்ப மிரட்டுனதை நாங்க வெளிய சொல்லிட்டோம்னு ஆகிப்போச்சு. நேத்து அந்தப் பழக்கடைக்காரன் ஸ்டாண்டுக்கு வந்தான். 'தம்பி வக்கீலுக்குப் படிக்கிறானாமே, நல்லாப் பேசுறான்'னு சொல்லிட்டுப் போறான்."

"சொன்னது உங்க தம்பிதானண்ணே... நான் பேரு மட்டும்தான்..."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மலையாண்டி அவளைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார்.

"அவன்கிட்டயும் பேச்சுவார்த்தை இல்ல. அவன் சொல்லுவான், நீ கேட்டேன்னு. நீ சொல்லுவ, அவன் சொன்னான்னு. ரெண்டு பேரும் வக்கீலா வந்துருவீங்க." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். "வீடியோவை அழிக்கச் சொல்லு. அதையாவது செய்யி."

ஹம்சவேணி நூலகத்தில் இருந்தாள். பாண்டிமீனா சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. ஆனால் பேச்சு இறங்கவில்லை.

"அந்தக் கேள்வியைக் கேட்டது நானா? ஆட்சேபணை பண்ணுனது நான். இப்ப என் போன்மேல பழியைப் போடுற."

"பழி போடல. அழின்னு சொல்லுறேன்."

"அழிக்கிறேன். உனக்காக இல்ல." ஹம்சவேணி போனை எடுத்து, பாண்டிமீனாவின் கண் முன்னாலேயே அழித்தாள். குழுவிலிருந்தும் எடுக்க வைத்தாள். "என்கிட்ட இருந்து போயிருச்சு. மத்தவங்ககிட்ட நீ போய்க் கேளு. வீடு வீடா போய்க் கேளு."

அப்படித்தான் போனாள். வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினாள். ஹாஸ்டல் வாசலில் நின்றாள். தல்லாகுளத்தில் கீழ் வகுப்புப் பையன்கள் கூடுகிற ஜூஸ் கடைக்கும் போனாள். சிலர் உடனே அழித்துக் காட்டினார்கள். சிலர் அழித்துவிட்டோம் என்று வாயால் சொன்னார்கள். ஒரு பையன், "எதுக்குக்கா? நீங்க பல்பு வாங்குற சீன்தானே செம்ம" என்றான். அவள் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவன் திரும்பப் பிடுங்கினான், கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது. மறுநாள் அதற்கும் மேடம் அறையில் போய் நின்றாள். எத்தனை போனில் இருந்தது, எத்தனையில் போயிற்று என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அழகுராஜாவின் வீட்டுக்கு நடந்தாள். இரண்டே தெரு தள்ளித்தான் இருந்தது. முடிந்தவரைக்கும் அழிக்க வைத்துவிட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. பாதிச் சாமான் ஏறியிருந்தது. மெத்தை, கேஸ் அடுப்பு, சின்னப் பிள்ளையின் சைக்கிள். மலையாண்டியின் மனைவி தங்கப்பொண்ணு பாத்திர மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், அவளைக் கண்டதும் நின்றாள்.

"யாரு?"

"நான்... பாண்டிமீனா. அழகுராஜாகூடப் படிக்கிறேன்."

"ஓ, நீயா." தங்கப்பொண்ணு மூட்டையை வண்டியில் வைத்தாள். "எங்க போறோம்னு கேக்க வந்தியா? சொல்ல மாட்டேன்."

"இல்லக்கா, அந்த வீடியோ..."

"பாப்பா ஸ்கூல்ல டீசி வாங்கியாச்சு. வருச நடுவுல எவன் சேத்துக்குவான்னு அலையணும் இனிமே. இதுல வீடியோ வேற." அவள் உள்ளே போய்விட்டாள்.

அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலையாண்டி கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அவளைப் பார்த்தும் பாராமல் கயிறு வாங்கக் கடைக்குப் போனார். அழகுராஜா உள்ளேயிருந்து இரும்பு பீரோவைச் சாய்த்து இழுத்து வந்தான். வாசல் நிலையில் அதன் கால் மாட்டிக்கொண்டது. அவன் ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் இறங்கியது. பாண்டிமீனா பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்த மறுபக்கத்தைப் பிடித்தாள்.

கால் விடுபட்டது. இரண்டு பேரும் பீரோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பீரோவுக்கு மேலாக அவன் அவளைப் பார்த்தான்.

"விடு" என்றான்.

"கனமா இருக்குடா. வண்டி வரைக்கும்..."

"விடுன்னு சொல்றேன்ல."

அவள் மெல்ல இறக்கி, கையை எடுத்தாள். அவன் பீரோவைத் தன் பக்கம் சாய்த்து, முழங்காலால் முட்டுக் கொடுத்து, தரையில் கோடு விழ விழ இழுத்துக்கொண்டு போனான். வண்டிக்குப் பக்கத்தில் போய் அதை நிறுத்திவிட்டு, அண்ணன் கயிறோடு வரும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.